தரமணி எலிகளும் ஆலத்தியூர் ஓட்டக்காரர்களும்

   

'கடும் உடற்பயிற்சியும் மருந்துக் கனிகளும்' என்பது அரியலூர்ப் பக்கத்து ஆலத்தியூரில் நடக்கும் இக்கருத்தரங்கின் அழைப்பிதழில் உள்ள தலைப்பு. ஓடி முடித்தவரின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெருகுவதை பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் கண்டு லாரபி 1902இல் எழுதியதையும், பின்னர் அவற்றுள் ஒரு வகையான லிம்போசைட்டின் எண்ணிக்கை ஓய்வு நிலைக்கும் கீழே இறங்குவதையும் நீங்கள் அறிவீர்கள். நெல்லி முதல் புளூபெர்ரி வரை பிற்பகல் அமர்வுகளில் வருகின்றன.

நான் பேச வந்தது ஒரே ஒரு கட்டுரையைப் பற்றி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஸ்ரீகுமார், ஜெய பார்த்தசாரதி, ஷீலா தேவி மூவரும் செய்த ஆய்வு அது. 2005இல் ஜப்பானிய இதழ் ஒன்றில் வெளிவந்தது. வெள்ளெலிகளை நாளுக்கு 4 மணி நேரம், 15 நாள், 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். மூன்று மருந்துக் கனிகள் சேர்ந்த திரிபலாவைக் கொடுத்தது 48 நாள். சித்த மருத்துவர் சொல்லும் ஒரு மண்டலம்! இரைச்சலில் இருந்த எலிகளின் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் ஒட்டும் திறனிலும் கிருமியை விழுங்கும் திறனிலும் தளர்ந்தன, அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டீரோன் ஏறியது. திரிபலா உண்ட எலிகளிடம் அந்தத் தளர்ச்சி தடுக்கப்பட்டது.

இதைக் காட்டி, திரிபலா எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று எழுதுகிறார்கள். கட்டுரையை முழுக்கப் படித்தவர் அப்படிப் பொதுவாக எழுத மாட்டார். இரைச்சலும் இல்லாமல் தடுப்பூட்டலும் இல்லாமல் திரிபலா மட்டும் உண்ட எலிகளிடம் ஒரே ஓர் அளவீடுதான் உயர்ந்தது. மற்றவை ஏறக்குறைய அப்படியே இருந்தன; தடுப்பூட்டிய எலிகளிடம்தான் திறன் கூடியது. இரைச்சலில் சரிய இருந்ததை அக்கனிகள் தாங்கிப் பிடித்தன. இதைப் பொதுவாகக் கூட்டுதல் என்று சொல்வது பிழை.

இந்த எலி ஆய்வை ஓட்டக்காரர்களிடமும் சோதிக்கலாம் என்று நான் முன்பு எழுதிய கட்டுரையை, இரைச்சலுக்கும் ஓட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்டு மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான கேள்வி. எலிக்குக் கார்டிகோஸ்டீரோன், மனிதனுக்குக் கார்டிசால். நெடுநேரக் கடும் ஓட்டத்திலும் அது ஏறுகிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கலாம் என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

அவருடைய இன்னொரு வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஓட்டத்துக்குப் பின் லிம்போசைட் குறைகிறது, ஆகவே நோய்க்குக் கதவு திறக்கிறது என்பார். காலை பத்து மணிக்கு ஆலத்தியூர்த் தெருவில் ஆள் குறைவாக இருந்தால் ஊர் காலியாகிவிட்டது என்போமா? வயலுக்கும் ஆலைக்கும் போயிருக்கிறார்கள். அணுக்களும் இரத்தத்தை விட்டு நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போகின்றன என்று காம்பெல், டர்னர் இருவரும் 2018இல் வாதிட்டார்கள். தலையை எண்ணினால் போதாது, வேலையை அளக்க வேண்டும். தரமணியில் அதைத்தான் செய்தார்கள். அந்தக் கட்டுரையை நாம் பேசாமல் விட்டது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். எலிக்குக் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 1 கிராம். உடற்பரப்புக் கணக்கில் மாற்றினால் 60 கிலோ மனிதருக்கு நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம். ஒரே வேளையில் அவ்வளவு சூரணம் உண்டால் பலருக்கு வயிறு இளகும். மறுநாள் விடியலில் ஓட வேண்டியவருக்கு அது பெருந்தொல்லை. இதைச் சொல்லாமல் திரிபலாப் பொட்டலம் விற்பது தவறு.

சிமென்ட் ஆலையின் அரவை இரைச்சலில் வேலை பார்ப்பவர்கள் இவ்வூரில் இருக்கிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று, காவலர் தேர்வுக்கு விடியலில் ஓடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் சொன்ன சோதனைக்கு இந்த இரு கூட்டத்தாரையும் விட்டுவிட்டு வேறெங்கே ஆள் தேடப் போகிறோம்? முறையான அனுமதியும் அவரவர் ஒப்புதலும் பெற்று, பாதிப் பேருக்குத் திரிபலாவும் பாதிப் பேருக்கு வெற்றுப்பொடியும் ஒரு மண்டலம் கொடுப்போம். ஓடும் முன், ஓடியவுடன், இரண்டு மணி நேரம் கழித்து என மும்முறை இரத்தம் எடுத்து நியூட்ரோபில் விழுங்கும் திறனை அளப்போம். உடற்கல்வி ஆசிரியர்களே, இதற்கு உங்கள் துணை வேண்டும். உணவு இடைவேளையில் மேடைக்கு அருகே காத்திருப்பேன். வந்து பெயர் கொடுங்கள்.