சோம்பேறி என்று சொன்னது யார்?

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு. நற்செய்தி: மாற்கு 6:30-34)



இன்றைய நற்செய்தியில் திருத்தூதர்கள் இயேசுவிடம் திரும்பி வருகிறார்கள். ஊர் ஊராகச் சென்று பணி செய்து களைத்தவர்கள் தாங்கள் செய்தவற்றையும் கற்பித்தவற்றையும் அவரிடம் சொல்கிறார்கள். வருவோரும் போவோருமாகக் கூட்டம் சூழ்ந்திருப்பதால் அவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. "நல்லது, அடுத்த ஊருக்குப் புறப்படுங்கள்" என்று இயேசு சொல்லவில்லை. தனிமையான ஓர் இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்கும்படி அழைக்கிறார்.

இந்த அழைப்பை ஆண்டுதோறும் கேட்டும் ஓய்வெடுக்க முடியாதவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை நாம் அறிவோம். பகலில் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழாச் சுவரொட்டியும் வடிவமைக்கிறார். மாலையில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறார். இரவில் உட்கார்ந்து புதுப் பாடலுக்கு மெட்டமைக்கிறார். ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் வந்து சொன்னார்: "ரெண்டு வருஷமா ஒரு மெட்டும் புதுசா வரல, ஃபாதர். எது போட்டாலும் பழசு மாதிரியே இருக்கு. சரி, கொஞ்சம் சும்மா இருப்போம்னு பார்த்தா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் படுத்தாக்கூட ஏதோ தப்பு பண்ற மாதிரி இருக்கு."

அவருடைய கை களைத்திருக்கிறது, மனமும் வறண்டிருக்கிறது. ஆனாலும் பாயில் சாய்ந்தால் உள்ளுக்குள் ஒரு குரல், "சோம்பேறி" என்கிறது. அது யாருடைய குரல்?

திருவிவிலியத்தில் அந்தக் குரலை நாம் கேட்கலாம். விடுதலைப் பயணம் 5ஆம் அதிகாரத்தில், தங்கள் கடவுளை வழிபட மூன்று நாள் வழிதூரம் சென்றுவர இஸ்ரயேல் மக்கள் அனுமதி கேட்கிறார்கள். பார்வோன் மறுக்கிறான். அதோடு நிற்கவில்லை. இனி வைக்கோல் கொடுக்கப்படாது, செங்கல் கணக்கு மட்டும் ஒன்றும் குறையக்கூடாது என்று கட்டளையிடுகிறான். ஓய்வு கேட்டவர்களை அவன்தான் சோம்பேறிகள் என்று திட்டுகிறான். ஆம் அன்பர்களே, அது கடவுளின் குரல் அல்ல, பார்வோனின் குரல்.

கடவுள் பேசும் விதம் வேறு. அதே நூலின் 31ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்ற கலைஞரை ஆண்டவர் பெயர் சொல்லி அழைக்கிறார். தம் ஆவியால் அவரை நிரப்பி, பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், கல் இழைக்கவும், மரம் செதுக்கவும் திறமை தருகிறார். தமக்கான கூடாரத்தையே அவரிடம் ஒப்படைக்கிறார். இதைவிடப் புனிதமான, அவசரமான வேலை ஏது? ஆனால் அந்தப் பொறுப்பைத் தந்து முடித்த உடனே, அதே அதிகாரத்தில், ஆண்டவர் ஓய்வு நாளைப் பற்றிப் பேசுகிறார். ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு. கடவுளுக்காகச் செய்யும் கலைவேலைக்கும் விலக்கு இல்லை. உலகைப் படைத்தவரே ஏழாம் நாளில் இளைப்பாறினார் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. படைத்தவருக்கு ஓய்வு இழுக்கு அல்ல என்றால், அவர் தந்த திறமையால் படைப்பவருக்கு மட்டும் அது எப்படிக் குற்றமாகும்?

அப்படியானால் சோம்பல் பாவமில்லையா என்று கேட்கலாம். பாவம்தான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் தட்டிக்கழிப்பது சோம்பல். உழைத்த கையை, "மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று நம்பிக் கீழே வைப்பது ஓய்வு. ஓய்வு ஒரு விசுவாச அறிக்கை.

நம் சூசையப்பரைப் பாருங்கள். அவர் தச்சர், கைவேலைக்காரர். அவர் உறக்கத்தில் இருந்தபோதுதான் வானதூதர் கனவில் வந்து பேசினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் உறங்கும் சூசையப்பர் சுருபம் ஒன்றைத் தம் மேசையில் வைத்திருந்தார். கவலை வந்தால் அதை ஒரு தாளில் எழுதி அந்தச் சுருபத்தின் அடியில் வைத்துவிடுவதாக, 2015 சனவரியில் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது சொன்னார்.

இன்னும் ஒன்று. இன்றைய நற்செய்தியில் சீடர்களின் ஓய்வு நீடிக்கவில்லை. கரை இறங்கும்போதே கூட்டம் காத்திருக்கிறது. இயேசு அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்குகிறார். ஆனால் குற்ற உணர்வு அவரைத் துரத்தவில்லை. ஆயனில்லா ஆடுகளைப் போல இருந்தவர்கள்மேல் கொண்ட பரிவு அவரை எழுப்பியது. தேவை வந்தால் நாமும் எழுவோம், அன்பினால் எழுவோம்.

நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். இரவு பதினொரு மணிக்கு, "நாளைக் காலைத் திருப்பலிக்கு ஒரு பாட்டு வேணும்" என்று அந்தச் சகோதரருக்குச் செய்தி அனுப்பியவர்கள் நாம்தானே? "உங்களுக்கென்ன, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிச் சுவரொட்டி கேட்டவர்களும் நாம்தான். பத்துக் கட்டளைகளில் ஓய்வு நாள், மகனுக்கும் மகளுக்கும், பணியாளருக்கும், மாட்டுக்கும்கூட உரியது. நாம் மதியம் தூங்க, வீட்டு அம்மா மட்டும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் அந்த ஓய்வு பாதிதான். அன்றாடக் கூலியை நம்பி ஞாயிறும் வேலைக்குப் போக வேண்டிய குடும்பங்கள் நம் தெருவில் உண்டு. அவர்களுக்கும் ஒரு நாள் கிடைக்க வழி தேடுவது நம் கடமை.

அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: "அடுத்த மூணு ஞாயிறு பழைய பாட்டே பாடுவோம். நீங்க பெஞ்சில குடும்பத்தோட உட்காருங்க." புது மெட்டு வந்ததா என்று நாம் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் செங்கல் கணக்காகிவிடும்.

இன்று மதியம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கைப்பேசியை அணைத்து வைப்போம். "சோம்பேறி" என்ற குரல் கேட்டால், அது எகிப்திலிருந்து வருகிறது என்று நினைவில் கொள்வோம். நாம் அங்கிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்.

உழைக்கும் நம் கைகளையும், ஓய்ந்திருக்கும் நம் கைகளையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.