வள்ளூருக்கு ஒரு ஞாயிறு



அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021-ல் வந்தது; அவர்கள் கட்டணத்தையும் அரசே ஏற்றது. மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024-ல்.

ஆனால் மார்க் இருந்தும் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் கைக்கு வருமுன் கடைசித் தேதி போய்விட்டால், வள்ளூர்ப் பையன் கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிடுவான். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு சொல்ற வீட்டில் அந்த அடுத்த வருஷம் வருவதேயில்லை.

ரிசல்ட்டுக்கு முன் ஒரு ஞாயிறு என்னோடு வாருங்கள். மேடைப்பேச்சு வேண்டாம். ஆளுக்கொரு பிள்ளையோடு உட்கார்ந்து சான்றிதழ்களைச் சரிபார்த்து, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுங்கள். மகளைத் தூரம் அனுப்பப் பயப்படும் தாயாரிடம், "அத்திப்பட்டு புதுநகரில் ஏறினால் சென்னைக்கு நேரே ரயில் இருக்கும்மா, நானும் அதில் வந்து படிச்சவன்தான்" என்று சொல்ல நான் இருக்கிறேன்.