கம்ப்யூட்டரில் செருகிய போன்

சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு ஆபீஸ் வந்தவர் என்ன செய்வார்? கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகுவார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், சார்ஜ் ஏறியதா இறங்கியதா என்றே சந்தேகம் வந்துவிடும்!

போன் மேல் குற்றமில்லை. யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். துளைக்குள் நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது 3.0. அதில் 4.5 வாட் வரை கிடைக்கும். சுவரில் மாட்டும் சாதாரண சார்ஜரே 10 வாட் ஆயிற்றே! வீடியோ பார்த்துக்கொண்டே சார்ஜ் போட்டால், வருகிற மின்சாரம் அந்தச் செலவுக்கே சரியாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2.0 விதிப்படி, செருகிய சாதனம் தன்னைக் கம்ப்யூட்டரிடம் அறிமுகம் செய்துகொள்ளும்வரை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்த அறிமுகம் நடப்பது கேபிளில் உள்ள தகவல் கம்பிகள் வழியாக. மலிவான சில கேபிள்களில் அந்தக் கம்பிகளே இருக்காது. அதனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் ஏறவில்லையா? போனின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். குண்டூசி மட்டும் வேண்டவே வேண்டாம்.

மவுஸ், பென் டிரைவ் எல்லாம் தொங்கும் ஹப்பில் போடாமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். லேப்டாப்பை மூடிவிட்டால் பல மாடல்களில் மின்சாரமும் நின்றுவிடும். அவசரமென்றால் போனை அணைத்துவிட்டே சார்ஜ் போடுங்கள், அந்த 2.5 வாட்டும் பேட்டரிக்கே போகும்.