திருத்துவதற்கு முன் கேட்போம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர் சார்.

நான் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வெளியே எல்லாம் இங்கிலீஷ். கல்லூரி முடித்ததும் 'ஜெட்' திட்டத்தில் ஜப்பான் போனேன். வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாக அழைக்க, 1987-இல் ஜப்பான் அரசு தொடங்கிய திட்டம் அது. எனக்குக் கிடைத்த ஊர் மட்சுவே.

போன வாரமே ஒரு குழப்பம். சக ஆசிரியர் ஒருவர் "நான் மான்ஷனில் இருக்கிறேன்" என்றார். பெரிய பங்களா என்று நினைத்துப் போனேன். பார்த்தால் நம்முடையது மாதிரி ஃப்ளாட்! லண்டன்காரிக்கு மேன்ஷன் என்றால் மாளிகை, திருவல்லிக்கேணியில் பேச்சிலர் அறைகள், அங்கே அடுக்குமாடி. யாரைத் தப்பு என்று சொல்வது?

அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். மகள் ஆஸ்திரேலியாவில். பேத்திக்கு இங்கிலீஷ் மட்டும்தான் வரும். அவளோடு பேசவேண்டும் என்பதற்காகப் பாட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். நானோ வரிக்கு வரி நிறுத்தித் திருத்தினேன். ஜப்பானிய மொழியில் 'ர', 'ல' என்று தனித்தனி ஒலி கிடையாது. நம்மில் பலருக்கு ழகரம் படுத்துகிற பாடுதான். அதையும் விடவில்லை. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. குப்பை போடும் இடத்தில் பார்த்தபோது மெதுவாகச் சொன்னார்: "இப்போது பேத்தியிடம் பேசவே பயமாக இருக்கிறது."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

1890-இல் அதே ஊருக்கு இங்கிலீஷ் ஆசிரியராக வந்தவர் லஃப்காடியோ ஹெர்ன். அவருக்கு ஜப்பானிய மொழி சரியாக வராது. மனைவி செட்சுவுக்கு இங்கிலீஷ் வராது. இருவரும் இலக்கணம் பார்க்காமல் உடைந்த ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டார்கள். அதற்கு 'ஹெர்ன் ஐயா பேச்சு' என்றே பெயர். அந்தப் பேச்சில்தான் செட்சு பழைய கதைகளைச் சொன்னார், ஹெர்ன் எழுதினார். 1904-இல் வந்த 'க்வைதான்' புத்தகத்தை உலகமே படித்தது.

நான் பாட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" பேத்திக்கு ஒரு முயல் கதை சொல்லவேண்டும், அவ்வளவுதான். அதன்பிறகு அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன். "ராபிட் கோ மவுன்டன் எஸ்டர்டே" என்பார். "ஓ, த ராபிட் வென்ட் டு த மவுன்டன்! அப்புறம்?" என்பேன். திருத்தமும் நடந்தது, கதையும் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அந்தக் கதையைச் சொன்னார். பேத்தி "அகெய்ன்!" என்றாள்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் இரவுக் காவலர் ஒடிசாக்காரர். அவர் "மேடம், தண்ணி வந்தான்" என்றபோது லாபியில் சிரித்தோம். நானும் சிரித்தேன். போன மாதம் மேல்தொட்டி நிரம்பி இரண்டு மணிநேரம் வழிந்ததே, அன்று தப்பாகப் பேசிவிடுவோமோ என்று இன்டர்காமை எடுக்கவே தயங்கினாராம். நாளைக்கு அது தண்ணீராக இல்லாமல் தீயாக இருந்தால்?

இந்த வளாகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நாம்தான். அடுத்த முறை "தண்ணி வந்தான்" என்றால், "ஆமா அண்ணா, தண்ணி வந்துச்சு, மோட்டாரை நிறுத்திடுங்க" என்று பதில் சொல்வோம். அதுவே பாடம். அதற்குத் தனி வகுப்பு வேண்டாம்.