மனித முகம் கொண்ட இயந்திரங்களும் மனிதப் பொறுப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மனிதரைப் போன்ற இயந்திரங்களின் எதிர்காலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஆரூடம் சொல்ல நான் ஆளில்லை. இன்றைக்கே நம் வீடுகளுக்குள் வந்துவிட்டதைப் பற்றி ஒரு வைத்தியராகச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

மனித உருவில் இயந்திரம் செய்வது மேற்குலகின் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அல்-ஜஸரி என்ற முஸ்லிம் பொறியியலாளர் 1206இல் எழுதி முடித்த நூலில், வுழூச் செய்வதற்குத் தண்ணீர் ஊற்றும் மனித உருவம் ஒன்றை விவரிக்கிறார். பணியாட்கள் தம் கையில் நீர் ஊற்றுவதை விரும்பாத ஒரு மன்னருக்காக அதைச் செய்தார். தண்ணீரை ஊற்றியது இயந்திரம், நிய்யத் மன்னருடையது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ மாணவர்களுக்கு நன்கு பழக்கமான செயற்கை மனுஷி ஒருத்தி உண்டு. பெயர் ஆன். நோர்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஓஸ்முண்ட் லேர்டால் 1960இல் அறிமுகப்படுத்திய பொம்மை அது. பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம் பெண்ணின் முக அச்சை வைத்தே அதற்கு முகம் அமைத்தார்கள். நின்றுபோன இதயத்தை இயக்க, நெஞ்சை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இதை உயிருள்ள ஒருவரில் பழக முடியாது. பொம்மையில் கை பிழைத்தால் யாரும் இறப்பதில்லை. மனிதரைப் போன்ற உருவம் மனிதருக்குச் செய்யக்கூடிய நல்ல சேவை இது.

அடுத்தது சோபியா. ஹொங்கொங்கின் ஹான்சன் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்தப் பெண் உருவ ரோபோவுக்கு, 2017 ஒக்டோபரில் ரியாத் மாநாடொன்றில் சவூதிக் குடியுரிமை அறிவிக்கப்பட்டது. முகத்தசை அசைத்துச் சிரிக்கும், கேள்விக்குப் பதில் சொல்லும் இயந்திரம் அது. நம் ஊர்களிலிருந்து பணிப்பெண்களாகச் சவூதிக்குப் போன சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். பிறர் பிள்ளைகளை வளர்த்து, பிறர் பெற்றோரைக் குளிப்பாட்டி, வருடக்கணக்கில் உழைத்தவர்களுக்குக் கிடைக்காதது ஒரு பொம்மைக்குக் கிடைத்தது. இயந்திரத்தை மனிதராக மதிக்க அவசரப்படும் உலகம், மனிதரை இயந்திரமாக நடத்துவதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இப்போது வந்திருக்கும் செயற்கை மனிதருக்கு உடலே தேவையில்லை. குரல் போதும். 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாடலில், 1997இல் மறைந்த ஷாகுல் ஹமீதின் குரலையும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ஏ. ஆர். ரஹ்மான் கணினியின் துணையோடு ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார்.

இந்தக் கரையில் வாழும் நமக்கு இது சினிமாச் செய்தி மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று இழப்பில்லாத ஊர் இல்லை. அன்று உம்மாவை இழந்த ஒருத்தியிடம், "உங்கள் உம்மாவோடு மீண்டும் பேசலாம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? ஆசைப்படுபவளை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால், பழைய கசெட்டில் இருப்பது உம்மா பேசிய பேச்சு. இயந்திரம் பேசுவது உம்மா ஒருநாளும் பேசாத பேச்சு. "உன்னை மன்னிச்சிட்டன் மகள்" என்று அது சொன்னால், மன்னித்தது யார்?

இதே வித்தை மோசடிக்கும் உதவுகிறது. சில விநாடிக் குரல் பதிவு இருந்தால் அதைப் போலவே பேசவைக்க முடியும். கட்டாரிலிருக்கும் மகனின் குரலில் "உம்மா, அவசரம், காசு போடுங்க" என்று அழைப்பு வரலாம். பதறாமல் வைத்துவிட்டு, உங்களிடமுள்ள இலக்கத்துக்கு நீங்களே திருப்பி எடுங்கள். குடும்பத்துக்குள் ஓர் இரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இயந்திர அறிவுக்கு எதிரி அல்ல. நீரிழிவால் விழித்திரை பழுதாவதைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் கணினி முறையை உருவாக்கியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் பங்கு உண்டு. கண் வைத்தியர் இல்லாத ஊர்களில் அது பலரின் பார்வையைக் காக்கும். சட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு வரும் நோயாளிகளையும் நான் ஏசுவதில்லை.

ஆனாலும் ஒன்று. நம் ஊர்ப் பெண்கள் "ஏலாமக் கிடக்கு டொக்டர்" என்பார்கள். அது காய்ச்சலாக இருக்கலாம், மனக்கவலையாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். சில பெண்களுக்கு, விசேடமாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, மாரடைப்பின்போது நெஞ்சுவலியே இராது. களைப்பும் மூச்சுத்திணறலும் மட்டுமே இருக்கும். அவள் வந்து உட்காரும் விதம், வியர்வை, கூட வந்த மகளின் முகம் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். போனில் தட்டிய இரண்டு வார்த்தைகளில் இவை எதுவும் இல்லை. பதில் பிழைத்தால் இரவில் தூக்கமில்லாமல் கிடப்பதும், குடும்பத்தாருக்கு முன்னால் நின்று பதில் சொல்வதும் வைத்தியர்தான். உயிர் ஓர் அமானிதம். அமானிதத்தை ஏற்பவருக்குக் கணக்குக் கொடுக்கும் கடமையும் உண்டு. இயந்திரம் எவ்வளவு கெட்டித்தனமாகப் பேசினாலும் அந்தக் கணக்கைக் கொடுக்காது. அதைப் பயன்படுத்துபவரும் விற்பவரும்தான் கொடுக்க வேண்டும்.

முடிவாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நமக்குக் கற்பித்தவர்களில் மூத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, அவர்களின் சம்மதத்தோடு, நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து நூலகத்தில் வைப்போம். அடுத்த நூற்றாண்டின் மாணவி ஒருத்தி அதைக் கேட்கும்போது, அது உண்மையாகவே அந்த ஆசிரியை சொன்னது என்று அவள் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவரின் பணிகளையும் பொருந்திக்கொள்வானாக.

வஸ்ஸலாம்.