ஆகஸ்ட் 1-ஆம் தேதிப் பிள்ளைகள்



இன்று ஜூலை 15. காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். காலையில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அவர் படத்துக்கு மாலை விழுந்திருக்கும். அவர் புகழைப் பாட எனக்கு முன்னால் பேசியவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது இன்னும் பதினேழு நாளில் வரப்போகிற ஒரு தேதியைப் பற்றி. ஆகஸ்ட் 1.

ஆசிரியர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னால் போதும், முகம் மாறும். அன்றைய நிலவரப்படி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் அங்கே எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் செய்கிறார்கள். 40 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது 1997 டிசம்பரில் வந்த 525-ஆம் எண் அரசாணை வகுத்த கணக்கு. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’. உபரி ஆனவருக்குப் பணி நிரவல். நேற்றுவரை பாடம் எடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். பாதியில் நின்ற பாடம் பாதியிலேயே நிற்கும்.

ஆசிரியர் மட்டுமில்லை, பணமும் அப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிற பள்ளி மானியம் தலைக்கணக்குப்படிதான் வருகிறது. 30 பிள்ளைவரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 100-ஐத் தாண்டினால் 50,000. 250-ஐத் தாண்டினால் 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். சாக்பீஸ், மின்கட்டணம், ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாய், ஒழுகுகிற தண்ணீர்க் குழாய் எல்லாம் இதற்குள்தான்.

மலையடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியராக இருந்தேன். ஓர் ஆண்டு ஜூலை கடைசியில் பதிவேட்டில் 101 பேர். அதில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று வாரமாக வரவில்லை. அவனை எடுத்துவிட்டால் சரியாக 100. ஒரே ஒரு பெயரில் 25,000 ரூபாய் நிற்கிறது.

வீட்டுக்குப் போனேன். வாசலில் பாட்டி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். “அவன் சித்தப்பன்கூட திருப்பூர் போயிட்டான் சாரு. பனியன் கம்பெனி. தீவாளிக்கு வருவான். பேரை மட்டும் எடுத்துடாதீங்க” என்றார். உள்ளே தகரப் பெட்டிமேல் மூன்று நோட்டுகள். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அவன் கையாலேயே பெயர், வகுப்பு, பிரிவு எழுதியிருந்தான். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

பாட்டி கேட்டபடியே செய்தேன். பெயரை எடுக்கவில்லை. பாட்டிக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அந்த எண்ணிக்கைதான் யூடைஸ் என்னும் பள்ளித் தகவல் பதிவில் ஏறியது. 50,000 வந்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் குழாய் மாற்றினோம், நிலுவை மின்கட்டணத்தைக் கட்டினோம். தீபாவளி வந்தது. பையன் வரவில்லை.

இதில் நான் செய்த பெரிய பிழை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அவன் பெயர் பள்ளியில் இருந்ததால், இடைநின்றவர்கள் பட்டியலில் அவன் வரவே இல்லை. வட்டார வள மையத்திலிருந்து தேடி வருகிறவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதானே கதவைத் தட்டுவார்கள்? அவன் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. பதிவேட்டில் நான் காப்பாற்றி வைத்த பெயர், அந்தப் பிள்ளையை யாரும் தேடாதபடி மறைத்துவிட்டது.

அதனால் சொல்கிறேன். தலையை எண்ணிக் கொடுக்கிற பணம் பிள்ளையைத் தேட வைப்பதில்லை, பெயரைத் தேட வைக்கிறது. இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. 1862-இல் இங்கிலாந்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளை வந்திருக்க வேண்டும், வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேற வேண்டும், அதற்கேற்பத்தான் மானியம். காய்ச்சல்காரப் பிள்ளைகளைக்கூடப் போர்த்திக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு அப்போதே எதிர்த்தார். அந்த முறை நம் சென்னை மாகாணத்துக்கும் வந்துபோனது.

“தலைக்கு வகுத்துப் பாருங்கள் ஐயா, சின்னப் பள்ளிக்குத்தானே அதிகம் கிடைக்கிறது?” என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். உண்மைதான். ஆயிரம் பேருக்கு 75,000 என்றால் தலைக்கு 75 ரூபாய், நூறு பேருக்கு 25,000 என்றால் 250. ஆனால் ஒரு பள்ளிக்கூடம் தலைக்கணக்கில் நடப்பதில்லையே! மதிய உணவில் தலைக்கு ஒரு முட்டை. அங்கே தலைக்கணக்கு நியாயம், அதைவிட நியாயம் வேறில்லை. நுண்ணோக்கியைத் தலைக்கு இத்தனை என்று வாங்க முடியுமா? பத்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் கணக்குக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அறிவியலுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். பன்னிரண்டு பேருக்கு அவரில் கால்வாசியை அனுப்ப முடியாது.

அடுத்தது, நிபந்தனை. ஒருங்கிணைந்த திட்டத்தில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஒன்றியப் பங்கு 2,152 கோடி ரூபாய். பி.எம். ஸ்ரீ என்பது 2022-இல் வந்த தனித் திட்டம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் அதில் சேர முடியும். தமிழ்நாடு போடவில்லை. அதைக் காரணம் காட்டி இந்தப் பணமும் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காட்டு இடத்துக்குத் தரவேண்டிய பங்கைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே சொன்னது.

நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுப்பணம் வாங்குகிறவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? கேளுங்கள். ஆசிரியர் வந்தாரா? கேளுங்கள். கணக்கு நேராக இருக்கிறதா? கட்டாயம் கேளுங்கள். அவை பிள்ளைக்காகக் கேட்கிற கேள்விகள். அந்தக் கல்விக் கொள்கை சொல்லும் மொழிக் கொள்கையில் இரண்டு அரசுகளுக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம், அதைப் பேசுவதற்கு மன்றங்கள் இருக்கின்றன. அந்த வழக்குக்கு எங்கள் மலையடிவாரத்துப் பிள்ளையின் பரிசோதனைக் குழாயைப் பிணையாக வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. 14 வயதுவரைதான் அது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பையன் போனது ஒன்பதாம் வகுப்பில்.

நாங்கள் எழுதியிருக்கும் மனுவில் கேட்பது இவைதான். எத்தனை பிள்ளை படித்தாலும் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேலே தலைக்கணக்கு. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கட்டாயம். ஒருநாள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதுமான வருகையைப் பாருங்கள். வராத பிள்ளையை மறைக்காமல் சொல்கிற பள்ளிக்கு அந்த ஆண்டு மானியத்தைக் குறைக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அது இருந்திருந்தால் அன்றைக்கு நான் உண்மையை எழுதியிருப்பேன்.

மனு வாசலோரம் மேசையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள், ஆகஸ்ட் 15 கிராம சபையில் நீங்களே அதை வாசியுங்கள். பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். உங்கள் தெருவில், பெயர் பள்ளியில் இருக்க, ஆள் வேறெங்கோ இருக்கிற பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். அதில் எழுதுங்கள். நாளைக் காலையிலிருந்து அந்த வீடுகளுக்கு நான் போகிறேன். கூட வருகிறவர்கள் ஏழு மணிக்கு இந்த நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள்.