பாடும் கௌபாய்: ஜீன் ஆட்ரி

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் பெரும் மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்றவர்களைக் கௌபாய் என்று அழைத்தனர். குதிரையும் கயிறும் அகன்ற தொப்பியுமாக அவர்களைத் திரைப்படங்களில் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் கையில் கித்தாரையும் கொடுத்துப் பாடவைத்தவர்களுள் தலையாயவர் ஜீன் ஆட்ரி. அவருடைய வாழ்வைச் சற்றே நோக்குவோம்.

1907-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் டையோகா என்னும் சிற்றூருக்கு அருகில் அவர் பிறந்தார். சமயப் போதகரான பாட்டனார் இளமையிலேயே அவருக்குப் பாடக் கற்பித்தார். பின்னர் ஓக்லஹோமாவில் ரயில்வேத் தந்தி ஊழியராக அமர்ந்தார். இரவுப் பணியின் தனிமைக்குக் கித்தாரே அவருக்குத் துணை. தந்தி கொடுக்க வந்த நகைச்சுவை நடிகர் வில் ராஜர்ஸ் அப்பாட்டைக் கேட்டு, இதையே தொழிலாகக் கொள்ளுமாறு ஊக்கினார் என்று ஆட்ரி பிற்காலத்தில் கூறுவதுண்டு.

1928-இல் டல்சா நகர வானொலியில் பாடத் தொடங்கினார். 1931-இல் ரயில்வே நண்பர் ஜிம்மி லாங்குடன் இணைந்து, நரைத்த தந்தையை நினைந்து பாடிய இசைத்தட்டு அவர் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. சிக்காகோ வானொலி அழைத்தது. 1934-இல் ஹாலிவுட் அழைத்தது.

அக்காலத்தின் நிலை யாது? பொருளாதார மந்தமும் வறட்சியும் தாக்க, ஓக்லஹோமா, டெக்சாஸ் உழவர்கள் நிலத்தைத் துறந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். ஊரை இழந்தவர்க்கு ஊரின் குரலாக அவர் பாட்டு ஒலித்தது. பிழைப்பை நாடி வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

ஆயினும் அப்பாட்டுகள் காட்டிய மேற்கு முழு உண்மையன்று. ரயில் பாதைகளும் முள்வேலிகளும் பெருகியதால் நெடுவழி மந்தையோட்டம் அவர் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. மந்தையோட்டியவர்களுள் மெக்சிகோ மரபினரும் கறுப்பினத்தவரும் பலர் இருந்தனர். திரைப்படங்களோ அவர்களைப் பெரும்பாலும் மறைத்துவிட்டன.

ஆட்ரி தம் உழைப்பின் மதிப்பை அறிந்தவர். 1938-இல் ஊதியத்தின் பொருட்டுப் படநிறுவனத்தோடு மாறுபட்டு நடிக்க மறுத்தார். அவ்விடைவெளியில்தான் ராய் ராஜர்ஸ் என்னும் மற்றொரு பாடும் நாயகர் தோன்றினார். புகழின் உச்சியில் இருந்தபோதே, 1942-இல், ஆட்ரி வானொலி நிகழ்ச்சியின் நடுவில் உறுதிமொழி கூறி விமானப் படையில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து இமயமலைத் தொடரைத் தாண்டிச் சீனத்திற்குப் பொருள் கொண்டு சென்ற அபாயகரமான வான்வழியில் அவரும் பறந்தார்.

போருக்குப் பின், 1949-இல், சிவந்த மூக்குடைய கலைமானைப் பற்றிய கிறிஸ்துமஸ் பாட்டை மனைவியாரின் வற்புறுத்தலால் பதிவு செய்தார். அவர் விரும்பாத அப்பாட்டே குழந்தைகளிடையே இன்றும் வாழ்கிறது. 1960-இல் பேஸ்பால் ஆட்டங்களை ஒலிபரப்பும் உரிமையை நாடிச் சென்றவர், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புதிய அணிக்கே உரிமையாளராகித் திரும்பினார். அந்த அணி 2002-இல் உலகத் தொடரை வென்றது. அதைக் காண அவர் இல்லை. 1998-இல், 91-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

1988-இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் நிறுவிய அருங்காட்சியகம் இன்று மேற்கின் தொல்குடிகள் உள்ளிட்ட பலதிற மக்களின் வரலாற்றையும் எடுத்துரைக்கிறது. பாட்டு விட்டுவிட்டதைக் காட்சியகம் சொல்கிறது. தொலைவில் இருப்போர்க்கு ஊரைப் பற்றிய இனிய பாட்டு ஆறுதல் தரும். அத்துடன் ஊரின் மெய்யான வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாயின், அவர்கள் பெறும் செல்வம் முழுமையாகும்.